நிழலுக்கு யாரும் சொல்லவில்லை

புங்க மரத்தை வெட்டிச் சாய்த்து, கிளைகளை லாரியில் ஏற்றி, அடிக்கட்டையையும் இயந்திரம் வைத்துத் தோண்டியெடுத்து, குழியை மண் போட்டு மூடிய மறுநாள் காலையில், வெயில் ஏறத் தொடங்கியதும், அந்த மரத்தின் நிழல் வழக்கம்போல வேலைக்கு வந்துவிட்டது. வனமாலைக் குடியிருப்பின் பின்வாசலுக்குப் பக்கத்தில், முந்தின நாள்வரை எங்கே விழுந்ததோ அங்கேயே, மேற்குப் பார்த்து நீளமாக விழுந்து, கிளை கிளையாகப் பிரிந்து, இலைகளுக்கு நடுவே காசு காசாக வெயிலைச் சிந்திக்கொண்டு கிடந்தது. அண்ணாந்து பார்த்தால் வெறும் வானம். முதலில் பார்த்தவள் இஸ்திரி போடும் தேசம்மா. இனி வண்டியை எங்கே நிறுத்துவது என்று ராத்திரி பூராவும் புரண்டுவிட்டு வந்தவள், நிழலைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், மறுபடியும் நிழலைப் பார்த்தாள், பிறகு தள்ளுவண்டியை எப்போதும் நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, பெட்டியில் கரியைக் கொட்டி விசிற ஆரம்பித்தாள்.

வாட்ச்மேன் ஓடிவந்து, "இன்னாக்கா இது அநியாயம்?" என்றான்.

"மரத்த வெட்டுனவங்க நெழல வெட்ட மறந்துட்டாங்க. அதுக்கு நான் இன்னா பண்றது? ஏ பிளாக்கு பேண்டு ரெண்டு வந்துச்சே, எடு அத" என்றாள் தேசம்மா.

மரத்தை அவர்கள் இயற்கைமேல் வைத்த ஆசையால்தான் வெட்டினார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வனமாலைக்காரர்களைப் பற்றித் தப்பாக நினைத்துவிடுவீர்கள். தாம்பரம் தாண்டித் தெற்கே போகும் சாலையில் நான்கு பிளாக்குகளாக எழுந்து நிற்கும் அந்தக் குடியிருப்பில் எல்லாரும் நல்லவர்கள். அவர்களுக்கு ஒரு வருஷம் திடீரென்று இயற்கைமேல் ஏக்கம் வந்தது. பிள்ளைகள் மண்ணையே மிதிப்பதில்லை என்றார்கள், எதிர்வீட்டுக்காரர் பேர்கூடத் தெரியவில்லை என்றார்கள், கண்ணுக்குப் பச்சையே தட்டுப்படவில்லை என்றார்கள். எந்த பால்கனியில் நின்று அப்படிச் சொன்னார்களோ அந்த பால்கனிக்கு நேர்கீழே புங்க மரம் நின்றுகொண்டிருந்தது. ஆகவே சங்கத்தைக் கூட்டி, மனிதர்களை இயற்கையோடும் சக மனிதர்களோடும் இணைக்கிற சமுதாயத் தோட்டம் ஒன்றைப் போடுவதென்று கைதட்டித் தீர்மானித்தார்கள்.

தோட்டத்தை வடிவமைக்க மிருதுளா வந்தாள். முப்பதைத் தொடாத பெண். படித்துவிட்டு யாரோ ஒருவரிடம் வேலை பார்த்தபின் தன் பேரில் எடுத்த முதல் தோட்டம் இது. அவள் வரைவதற்கு முன்னால் வீடு வீடாக ஏறி இறங்கி, சின்ன வயதில் உங்களுக்குப் பிடித்த செடி எது, எந்த வாசனை இன்னும் மூக்கில் நிற்கிறது, எந்தச் சத்தத்தைக் கேட்டால் தூக்கம் வரும் என்றெல்லாம் கேட்டாள். எல்லாரும் கண் கலங்கத்தான் பதில் சொன்னார்கள். தவளைச் சத்தம் என்றார் ஒருவர், அவரைப் பந்தல் என்றார் இன்னொருவர், மழை விழுந்த புழுதி என்று சொல்லிவிட்டு மேற்கொண்டு பேச முடியாமல் உள்ளே போய்விட்டாள் சி பிளாக் பத்மாசனி. மிருதுளா அத்தனையையும் நம்பினாள். தவளைக்கு ஒரு குட்டிக் குளம், எல்லாரும் சேர்ந்து கீரையும் அவரையும் போட வரிசையாகப் பாத்திகள், வெறுங்காலில் நடக்க மண்பாதை, நட்டநடுவே புங்க மரம், மரத்தடியில் சின்னதாக ஒரு கட்டம் போட்டு அதில் தேசம்மாவின் வண்டி.

அந்த வண்டிக்குக் கட்டம் போட்டதற்கு ஒரு காரணம் உண்டு. முதல் நாளே தேசம்மா அவளைப் பிடித்து நிறுத்தித் தன் வலது காலைத் தூக்கிக் காட்டியிருந்தாள். புறங்காலில் இஸ்திரிப் பெட்டியின் மூக்கு அப்படியே பதிந்த தழும்பு இருந்தது. பின்வாசலுக்கு பெயின்ட் அடிக்கிறோம் என்று ஒரு சித்திரையில் அவளை முன்பக்கம் ரோட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். வெயில் தலையிலும் கரிநெருப்பு கையிலுமாக நின்றவள் மதியத்துக்குள் மயங்கி விழுந்து, பெட்டியும் கூடவே விழுந்திருக்கிறது.

"இந்தா பாரு தோட்டத்தம்மா," என்றாள் தேசம்மா, "நீ குளம் வெட்டு, கொட்டா போடு, இன்னா வேணா பண்ணு. நெழல மட்டும் கைய வெச்சிடாத. நெழலு இல்லாங்காட்டி இந்தப் பொட்டிய என்னால புடிக்க முடியாது. இத வுட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

"உங்களுக்குன்னு ஒரு இடம் போட்டுத் தரேன்க்கா. அத யாரும் தொட மாட்டாங்க" என்றாள் மிருதுளா. அவள் மனதாரச் சொன்னாள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் வரைபடம் சங்கத்துக்குப் போனது. குளம் என்றதும் கொசு என்றார்கள், பாத்தி என்றதும் யார் வீட்டுக் கத்தரிக்காயை யார் பறிப்பது என்றார்கள், மண்பாதை என்றதும் லிஃப்ட் எல்லாம் சேறாகும் என்றார்கள், பூச்செடி என்றதும் தேனீ கொட்டும் என்றார்கள், தவளை என்றதும் தவளையைத் தேடிக்கொண்டு பாம்பு வரும் என்றார்கள். செயலாளர் கிருபாகரன், ஓய்வு பெற்ற இன்ஜினியர், புங்க மரத்தைப் பேனாவால் தட்டி, "இதுதாம்மா மெயின் பிராப்ளம். வருஷம் பூரா குப்பை. பூ கொட்டுது, இலை கொட்டுது, கம்பளிப்பூச்சி கொட்டுது, எல்லாம் கார் மேல. இதை எடுத்துட்டு நாலு பாம் மரம், அந்த அலங்காரப் பனை, வைங்க. பாம் மரம் நீட்டா இருக்கும், அதுபாட்டுக்கு நிக்கும்" என்றார். அப்போ அந்த இஸ்திரி அம்மா என்று மிருதுளா இழுத்தாள். "மரம் போனா வண்டியும் தானா போயிடும். நாம யாரையும் போன்னு சொல்ல வேண்டியதே இல்ல" என்றார் அவர். அதில் அவருக்கு ஒரு திருப்தி இருந்தது. யாரையும் போ என்று சொல்லிப் பழகாத நல்ல மனிதர். மிருதுளா கணினியில் மரத்தைத் தொட்டு ஒரு விசையை அழுத்தினாள், மரம் போனது. கூடவே அதன் கீழிருந்த சின்னக் கட்டமும் போனது. குளம் போய், பாத்தி போய், மண் போய், பூச்சி போய், இயற்கையோடு இணைவோம் என்ற தலைப்பு மட்டும் வரைபடத்தில் அப்படியே நின்றது.

மரம் வெட்ட எத்திராஜ் என்பவர் ஆட்களோடு வந்தார். வந்தவர் வாளைத் தொடுவதற்கு முன்னால் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர் கேட்டார். "வெத்தல பாக்கு, ஒரு பழம், கொஞ்சம் சூடம் இருந்தா போதும் சார். மரத்துக்குக் கீழ வெச்சு, இதுல குடியிருக்கிறவங்க எல்லாரும், கண்ணுக்குத் தெரிஞ்சவங்க தெரியாதவங்க எல்லாரும், எங்கமேல கோவப்படாம வேற எடம் பாத்துக்கங்கன்னு கும்புட்டுச் சொல்லிடுவோம். சொல்லிட்டு ஒரு ராத்திரி டைம் குடுக்கணும். காலைல வந்தா எல்லாம் காலி பண்ணிட்டுப் போயிருக்கும். எங்கப்பா காலத்துலேருந்து அப்படித்தான்" என்றார். கிருபாகரன் வாடகைக்கு எடுத்த கிரேனைக் காட்டி, இது ராத்திரி பூரா நிற்குமா என்று கேட்டார். மரத்துக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டுமா என்று யாரோ கேட்டதற்கு எல்லாரும் சிரித்தார்கள். எத்திராஜ் சிரிக்கவில்லை, ஆனால் வேலையை விட்டுவிட்டும் போகவில்லை. சாயங்காலத்துக்குள் மரம் லாரியில் இருந்தது.

அப்படித்தான் நிழலுக்கு யாரும் சொல்லாமலே போய்விட்டார்கள். சொல்லாத வரைக்கும் அது எதற்குப் போக வேண்டும்?

முதல் வாரம் கொஞ்சம் பேச்சாக இருந்தது. கல்லூரியிலிருந்து ஒருவர் வந்து, நிழலுக்குள் வெப்பமானியை வைத்துப் பார்த்து, குடை பிடித்துப் பார்த்து, காபி குடித்துவிட்டுப் போனார். கோயில் குருக்கள் ஒருவர், நல்ல நிழல்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றார். பி பிளாக்காரர்கள், சாயங்கால நிழல் முழுக்க ஏ பிளாக் பக்கமே விழுகிறதே, இதென்ன நியாயம் என்று சங்கத்துக்குப் புகார் எழுதினார்கள். அதற்குள் நிழல் வீட்டுச் சாமானைப்போலப் பழகிவிட்டது. காற்றே இல்லாத நாளில் அது அசைந்தால், எங்கேயோ காற்று அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டார்கள். தையில் நிழலின் இலைகள் உதிர்ந்தன. தரையில் நிழல் இலைகள் புரண்டுபோவதை, வாசல் பெருக்குகிற பெண் பழக்கதோஷத்தில் விரட்டிக்கொண்டே போய், துடைப்பத்தில் ஒன்றும் சேராததைப் பார்த்துச் சிரித்தாள். பங்குனியில் துளிர்த்து, பூத்து, பொரி இறைத்ததுபோல நிழல்பூக்கள் கொட்டின. நிழல் அணில் ஒன்று நிழல் கிளையில் ஓட, நிஜப் பூனை ஒன்று அதன்மேல் பாய்ந்து பாய்ந்து மூக்கைச் சிராய்த்துக்கொண்டது. உச்சிக் கிளையில் ஒரு காக்கைக் கூட்டின் நிழல் இருந்தது. அதற்குள் மூன்று அலகுகள் திறந்து திறந்து மூடுவதைப் பிள்ளைகள் பள்ளிக்கூட வேனுக்கு நிற்கும்போது குந்தி உட்கார்ந்து பார்ப்பார்கள். அந்தக் குஞ்சுகளுக்குப் பெயர்கூட வைத்திருந்தார்கள்.

பிறகுதான் வனமாலைக்காரர்களுக்குப் புரிந்தது, தாங்கள் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்த இயற்கை இதுதானென்று. குப்பை கொட்டாத நிழல். வேர் விட்டுச் சுவரை உடைக்காத நிழல். எச்சம் போடாத காக்கை, கடிக்காத எறும்பு, கார்மேல் ஒட்டாத பூ. கிருபாகரன் நிழலின் நடுவில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, "மேலே ஒண்ணும் இல்லாம கீழே மட்டும் எல்லா பெனிஃபிட்டும்" என்று உருகினார். வீடு விற்கிறவர்கள் விளம்பரத்தில் நிழல் வசதி உண்டு என்று போட்டார்கள். ஆறு மாதத்துக்கு முன் இதே மரத்தை வெட்டச் சொன்னவர்கள் விருந்தாளிகளைக் கையைப் பிடித்து அழைத்துவந்து, எங்க வனமாலை நிழல் என்று காட்டினார்கள்; அதைச் சொல்லும்போது அவர்கள் குரல் தழுதழுத்ததைக் கேட்டால் எரிச்சலாக வரும்.

தேசம்மா மட்டும் அதற்கு மரியாதை எதுவும் கொடுக்கவில்லை. காலையில் மேற்கே, மதியம் நடுவே, சாயங்காலம் கிழக்கே என்று மரம் இருந்த காலத்தில் எப்படி வண்டியைத் தள்ளிக்கொண்டு நிழலின் பின்னாலேயே போவாளோ அப்படியே போனாள். வெயில் காலத்தில் அது சுருங்கினால், "நவுந்து போயிட்டியா சனியனே, சொல்லக் கூடாது?" என்று திட்டுவாள். செருப்பு தைக்கிறவர், சாப்பாட்டுப் பை தூக்கிவரும் டெலிவரி ஆட்கள், வீட்டு வேலை முடித்துப் பஸ்ஸுக்கு நிற்கும் பெண்கள், தெருநாய் ஒன்று, எல்லாரும் அவள் வண்டியைச் சுற்றித்தான் உட்கார்ந்தார்கள். அவள் வாய்க்குப் பயந்து யாரும் அங்கே எச்சில் துப்பமாட்டார்கள். நினைத்துப் பார்த்தால், வனமாலையில் மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்ட இடம் அது ஒன்றுதான். ஆனால் அதை யாரும் தோட்டம் என்று சொல்லவில்லை.

மிருதுளாவை மறுபடி கூப்பிட்டார்கள். நிழலையே மையமாக வைத்து எல்லாவற்றையும் மாற்றி வரைய வேண்டும், நிழல் முற்றம் என்று பெயர், அதன் பாதைக்கு ஏற்றபடி வட்டமாகக் கல்லிருக்கைகள், நடுவே மெத்துமெத்தென்று கொரியன் புல், ஓரத்தில் ஒரு புத்தர், காற்றுக்கு மணி. மிருதுளா சந்தோஷமாகவே வரைந்தாள். பொழுது சாயச் சாய நிழல் எங்கெல்லாம் போகும் என்று வாரக்கணக்காக உட்கார்ந்து குறித்து, அந்த வளைவில் இருக்கைகளைப் போட்டாள். உள்ளதைச் சொன்னால் அழகான வேலை. கிழக்கு ஓரத்தில் ஒரு சின்னக் கட்டத்தையும் திரும்ப வரைந்திருந்தாள்.

"இது என்னம்மா?" என்றார் கிருபாகரன்.

"தேசம்மாக்கா வண்டி சார்."

"வண்டிச் சக்கரம் புல்லுல ஏறும். கரித்தூள் பறக்கும். அதச் சுத்தி ஒரு கூட்டம் வேற. இது ரெசிடென்ட்ஸுக்குன்னு போடற தோட்டம்."

"அவங்களால வெயில்ல நின்னு இஸ்திரி போட முடியாது சார். கால்ல தழும்பு இருக்கு, நீங்க பாத்திருக்கீங்க. நான் அவங்களுக்கு வாக்கு குடுத்திருக்கேன்."

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நீங்க எங்கெங்க உக்காரணும்னு டிசைன் பண்ணுங்க. யார் உக்காரணும்னு நாங்க பாத்துக்கறோம்" என்றார். பித்தளையில் சின்னதாக ஒரு இஸ்திரி வண்டி செய்து ஓரத்தில் அலங்காரமாக வைத்தால் நினைவாக இருக்குமே என்று ஒரு யோசனையும் வந்தது. மிருதுளாவின் கை மறுபடி அந்த விசைக்குப் போனது. இந்தத் தடவையும் அழுத்தினாள்.

இப்போது ஒரு சங்கடம். மரம் போயும் வண்டி தானாகப் போகவில்லையாதலால், யாராவது போய்ச் சொல்லியாக வேண்டும். நல்லவர்களுக்கு இதுதான் பெரிய கஷ்டம். கிருபாகரன் பத்மாசனியைப் பார்த்தார், பத்மாசனி மிருதுளாவைப் பார்த்தாள், வரைந்தவர்களே சொன்னால்தான் முறையாக இருக்கும் என்று முடிவாயிற்று. வயிற்றெரிச்சல் கொட்டிக்கொள்ளக் கூடாது, கௌரவமாக அனுப்ப வேண்டும் என்று பெண்கள் சொன்னதால், தோட்டத் திறப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் நடக்கிற பூஜையோடு சேர்த்து இதையும் வைத்துக்கொண்டார்கள். குருக்கள் முற்றத்தைச் சுற்றி மஞ்சள் தண்ணீர் தெளித்தார். சூடம் ஏற்றினார்கள். பத்மாசனி ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மஞ்சள், ரவிக்கைத்துணி எல்லாம் வைத்து, ஓரமாக நின்ற தேசம்மாவுக்கு நீட்ட, என்ன ஏதென்று தெரியாமல் அவளும் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வாங்கியதை வண்டியில் இடமில்லாமல் கீழே, மரம் நின்ற மண்ணின்மேல் வைத்தாள்.

மிருதுளா நிழலுக்குள் வந்து நின்றாள். தேசம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஆகவே செருப்பு தைப்பவரையும், வேலை முடித்து நின்ற பெண்களையும், நாயையும், தரையையும் பார்த்து, பொதுவாக, கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு சொன்னாள். "இங்க இருக்கிறவங்க எல்லாரும் எங்கமேல கோவப்படாதீங்க. எல்லாரும் வேற இடம் பாத்துக்கணும். இப்பவே இல்ல. காலைக்குள்ள காலி பண்ணிட்டா போதும்."

கூட்டத்தின் பின்னால், பாம் மரக் கன்றுகளை இறக்க வந்திருந்த எத்திராஜ், "அய்யய்யோ" என்றார். என்ன என்று யாரும் கேட்கவில்லை.

வனமாலைக்காரர்கள் தேசம்மாவின் வாயை நினைத்துத்தான் பயந்திருந்தார்கள். அவள் கத்தியிருந்தால் அவர்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் பெட்டியிலிருந்த கரியைச் சாக்கடையோரம் கொட்டித் தண்ணீர் ஊற்றி அணைத்தாள். தேய்த்த துணிகளை பிளாக் வாரியாகப் பிரித்து வாட்ச்மேனிடம் கொடுத்தாள். கல்லை எடுத்தாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்வாசலைத் தாண்டும்போது திரும்பி, "வாக்கு குடுத்தியே தோட்டத்தம்மா" என்று மட்டும் கேட்டாள். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கவில்லை. தாம்பூலத் தட்டு மண்ணின்மேல் அப்படியே இருந்தது.

காலையில் நிழல் இல்லை. முறையாகச் சொல்லி, கும்பிட்டு, வெற்றிலை பாக்கு வைத்து, ஒரு ராத்திரி அவகாசமும் கொடுத்தாகிவிட்டது; பிறகு அது எதற்கு இருக்கும்? இலை, கிளை, அணில், கூடு, அந்த மூன்று வாய்கள், எதையும் விட்டுவைக்காமல் சுத்தமாகக் காலி செய்துவிட்டுப் போயிருந்தது. திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் கல்லிருக்கையில் உட்கார்ந்து, சூடு தாங்காமல் எழுந்தார்கள். பிள்ளைகள் குஞ்சுகளின் பெயரைச் சொல்லி அழுதார்கள். அழுத பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார்கள்.

போனது அந்த ஒரு நிழல் மட்டும் என்றால் பரவாயில்லை. எல்லாரும் என்று மிருதுளா சொன்னதை எல்லாரும் கேட்டிருந்தார்கள். இருக்கைகளுக்கு நிழல் இல்லை, புத்தருக்கு நிழல் இல்லை, முற்றத்துக்குள் காலெடுத்து வைத்தால் வைத்தவருக்கும் நிழல் இல்லை, வெளியே வந்தால் உண்டு. கித்தான் கூரை போட்டுப் பார்த்தார்கள், வெயில் கூரையைக் கண்டுகொள்ளாமல் நேராகக் கீழே இறங்கியது. பந்தல் போட்டார்கள், பந்தலுக்கு அடியில் பூசணி வற்றல் காயப்போடலாம்போல இருந்தது. கடைசியில், எந்த நர்சரியிலிருந்தோ வளர்ந்த மரம் ஒன்றை வேரோடு பெயர்த்து, அதே கிரேனில் தூக்கிவந்து, அதே இடத்தில் நட்டார்கள். அதுவும் புங்க மரம்தான், அவர்களே அதைத்தான் கேட்டு வாங்கினார்கள். மரம் பிடித்துக்கொண்டது. இலை உதிர்ந்தது, பூ கொட்டியது, கம்பளிப்பூச்சி வந்தது, காக்கை கார்மேல் எச்சம் போட்டது. நிழல் மட்டும் விழவில்லை. அத்தனை பெரிய மரத்துக்குக் கீழே தரை பளீரென்று காய்ந்து கிடக்க, அதன் நடுவே புல் கருகி, மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

அந்தத் தோட்டத்துக்கு ஒரு பரிசு கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். நிழல் இருந்தபோது எடுத்த படங்களைத்தான் அனுப்பியிருந்தார்கள். மிருதுளா மேடைக்குப் போய் வாங்கிக்கொண்டு வந்தாள், வீட்டில் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் துணி அலமாரிக்குள் வைத்தாள்.

எத்திராஜைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "எனக்குப் போவச் சொல்லத்தான் தெரியும் சார். மத்தது எனக்குத் தெரியாது" என்று தலையைச் சொறிந்தார். அப்போதுதான் கிருபாகரனுக்கு அந்த யோசனை வந்தது. "அந்த அம்மா திரும்ப வந்து நின்னா அதுவும் வந்துரும்னு எனக்குத் தோணுது. கூட்டிட்டு வாங்களேன். கிழக்கு ஓரத்துல ஒரு சின்ன இடம் குடுத்துடலாம்" என்று மிருதுளாவை அனுப்பினார். அவர் சொல்லியிராவிட்டாலும் அவள் போயிருப்பாள். வாக்கு குடுத்தியே என்ற அந்தக் கடைசிக் கேள்வி அவளைச் சோறு தின்ன விடவில்லை.

தேசம்மாவைக் கண்டுபிடிக்க நாளாயிற்று. முதலில் மேம்பாலத்துப் பக்கம் வெயிலில் நின்றாள் என்றார்கள், ஒரு நாள் விழுந்துவிட்டாள் என்றார்கள், ஆஸ்பத்திரி என்றார்கள். பிறகு யாரோ வழி சொல்ல, நெடுஞ்சாலையில் புதிதாக எழும்பிய இன்னொரு பெரிய குடியிருப்பின் சரிவில் இறங்கி, கார் நிறுத்துகிற முதல் தளத்தைத் தாண்டி, அதற்கும் கீழே இருந்த தளத்துக்கு மிருதுளா போனாள். டியூப்லைட் வெளிச்சத்தில், இரண்டு தூண்களுக்கு நடுவே, மின்சார இஸ்திரிப் பெட்டியை வைத்துக்கொண்டு தேசம்மா சட்டை தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் நிறமே மாறி, வெளுத்துப்போயிருந்தாள். பெட்ரோலும் டயரும் கலந்த ஒரு வாடை. எங்கேயோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னா தோட்டத்தம்மா, எடம் நல்லா இருக்குதா?" என்றாள் தேசம்மா, நிமிராமல். "நெழலுக்கு இங்க இன்னா கொறச்சல்? வுடியறப்பவும் நெழலு, மதியமும் நெழலு, சாயங்காலமும் நெழலு. வண்டிய நவுத்தவே வேணாம். ஒரு எடத்துல பொத்தல் கெடையாது பாரு, வெயிலு ஒரு சொட்டு ஒழுவாது."

மிருதுளா அழுதாள். அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னாள், மரம் வைத்ததைச் சொன்னாள், கிழக்கு ஓரத்து இடத்தைச் சொன்னாள். "வாங்கக்கா. நீங்க வந்து கூப்பிட்டா அது வரும். எப்படிக் கூப்பிடணும்னு நீங்கதான் சொல்லணும்."

தேசம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். இந்தத் தடவை திட்டுவாள் என்று மிருதுளா காத்திருந்தாள். அவள் உண்மையாகவே யோசித்தாள், எதையோ ஞாபகப்படுத்திப் பார்க்கிறவளைப்போலப் புருவத்தைச் சுருக்கினாள்.

"போவச் சொல்றதுக்குத்தான் எல்லாரும் ஒரு மொற வெச்சிக்கிறாங்க," என்றாள் பிறகு. "திரும்ப வான்னு கூப்புடறதுக்கு இன்னா மொறன்னு எனக்கு எப்பிடிம்மா தெரியும்? எங்கள யாரும் கூப்ட்டதில்லியே."

சட்டையின்மேல் தண்ணீரைத் தெளித்தாள்.

"கார் வருது பாரு, ஓரமா நில்லு."